மூக்காயி எரித்த தாள்கள்

பயமில்லாத மூக்காயியை நாகஸ்தென்ன ரப்பர் தோட்டத்தில் யாரும் பார்த்ததில்லை. இடி இடித்தால் பயம். தபால்காரன் அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் வந்தால் பயம். காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் கணக்குப்பிள்ளை அவள் பேரைக் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டால்கூட வாளியைக் கீழே போட்டுவிடுவாள். லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் குடியிருக்கும் பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் அவள் ஏன் அப்படி ஆனாள் என்று அவர்களுக்கும் தெரியும். எண்பத்து மூன்று கலவரத்தில் லயங்களுக்குத் தீ வைத்தபோது, ரப்பர் மலைக்குள் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கானில் மகனின் வாயைப் பொத்திக்கொண்டு படுத்துக் கிடந்தவள் அவள். கையை எடுத்தபோது பையனின் கன்னத்தில் அவளுடைய விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. அதற்குச் சில வருடங்கள் கழித்துக் காற்றில் சாய்ந்த ஒரு மரம் புருஷன் கன்னையாவைக் கொண்டுபோனது. மிச்சம் இருந்தது மகன் ஒருவன்தான்.

மகன் கிருஷ்ணகுமார் படித்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, கண்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி உயர்தரப் பரீட்சை எழுதி, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். மற்றவர்கள் இதைக் கொண்டாடினார்கள். மூக்காயிக்கு இதிலும் பயம்தான். தோட்டத்தில் இருந்தால் அவன் ரப்பர் பால் வெட்டுகிறவளின் மகன். தோட்டத்தை விட்டு வெளியே போனால் படித்த தமிழ்ப் பையன். இரண்டாவதுதான் ஆபத்து என்று அவளுக்குத் தோன்றியது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு தை மாதம் கண்டியில் புத்தர் கோயிலான தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்தது. அதன்பிறகு கிருஷ்ணகுமார் ஒரு பையோடு வீட்டுக்கு வந்தான்.

"ஹொஸ்டல்ல அடிக்கடி செக்கிங்மா. மனசு ஒரு நெலையில நிக்கல. கட்டுரைய இங்கயே முடிச்சிட்டுப் போறேன்" என்றான்.

கடைசி வருடம் அவனுக்கு. பௌதிகவியலில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். முதல் பாதியைத் தன் மேற்பார்வை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டான். இரண்டாம் பாதியை லயத்துத் திண்ணையான இஸ்தோப்பில் ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினான். எல்லாம் இங்கிலீசு. நடுவில் எழுத்தே இல்லாத குறிகள். சில தாள்களில் படங்கள் இருந்தன. ஒரு குழாய் இரண்டாகப் பிரிவதுபோல் ஒரு படம். மூக்காயிக்கு அது தலைகீழாகக் காயப்போட்ட காற்சட்டை மாதிரி இருந்தது.

அவன் யாரோடும் பேசவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கேயோ பார்ப்பான். ஒருநாள், "ஜோடி ஏன் தெரியலைன்னா..." என்று தனக்குள் முணுமுணுத்தான். யாரோடு ஜோடி, ஏன் தெரியவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

இயக்கத்துக்குப் போன பையன்கள் போவதற்கு முன் இப்படித்தான் ஊமையாகிவிடுவார்களாம் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாள். அந்தப் பேச்சு ஒரு சிலாம்பு மாதிரி மனதில் குத்திக்கொண்டு நின்றது. அவன் தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து ஒரு தாளை உருவி எடுத்துச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஷாமிளாவிடம் போனாள். கடைசிக் காம்பராவில் இருக்கும் பெண் அவள்.

"இதுல என்னாடி எழுதியிருக்கு?"

ஷாமிளா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வெளங்கல பெரியம்மா. கணக்கு மாதிரி இருக்கு. சில சொல்லுதான் தெரியும்."

"தெரிஞ்சதச் சொல்லு."

"இந்தா, ஹிடன். அப்டின்னா ஒளிச்சு வச்சது. இது மெசஞ்சர். சேதி கொண்டு போற ஆளு. இது பிரேக்கிங். ஒடைக்கிறது." அவள் விரல் கீழே இறங்கியது. "திரும்பவும் ஹிடன். திரும்பவும் மெசஞ்சர். தாள் முழுக்க இதேதான் பெரியம்மா."

மூக்காயி அந்தச் சொற்களைத் தனக்குள் அடுக்கிப் பார்த்தாள். ஒளிச்சு வச்சது. சேதி கொண்டு போற ஆள். உடைக்கிறது. தாளை வாங்கிக்கொண்டு வந்து இருந்த இடத்திலேயே வைத்தாள். அன்று முழுவதும் மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மறுநாள், பெரட்டுக்குப் புறப்படும் நேரத்தில் கீழே பாதையில் லொறிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நாய்கள் குரைத்தன. "ஆமி! ரவுண்டப்! லயத்தைச் சுத்தி வளைக்கிறாங்க!" என்று கத்திக்கொண்டு யாரோ ஓடினார்கள். கிருஷ்ணகுமார் முகம் கழுவப் பீலிக்குப் போயிருந்தான். மூக்காயி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பலகைக்கு அடியில் இருந்த தாள்கட்டை அப்படியே தூக்கி எரிகிற அடுப்பில் திணித்தாள்.

கட்டாக வைத்த தாள் லேசில் எரிவதில்லை. ஓரம் கருகிப் புகைதான் வந்தது. குச்சியால் கிளறினாள், ஊதினாள், மண்ணெண்ணெய்ப் போத்தலைச் சாய்த்தாள். குப்பென்று பிடித்தது. கிருஷ்ணகுமார் வாசலில் வந்து நின்றான். தோளில் துவாய். அடுப்பைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பிற்பாடு அவள் பலமுறை நினைத்தாள்.

"அம்மா... என்னா செஞ்சீங்க?"

"பேசாத. ஒன்னும் இல்ல. நம்ம வீட்டுல ஒன்னுமே இல்லைன்னு சொல்லு."

காம்பராவுக்குள் முதலில் நுழைந்த சிப்பாய் மூக்கைச் சுளித்தான். மண்ணெண்ணெய் நாற்றம், கடுதாசிப் புகை. அவன் அடுப்பைக் காலால் தள்ளிவிட்டு, தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்தான். சாம்பல் சேற்றுக்கு நடுவில் எரியாத துண்டுகள் கிடந்தன. ஒன்றில் அந்தக் காற்சட்டைப் படம். இன்னொன்றில் ஒரு வரி இங்கிலீசு. அவன் வெளியே எட்டிப் பார்த்து யாரையோ கூப்பிட்டான். மூக்காயிக்கு அப்போதுதான் விளங்கியது. தாள் தாளாகவே இருந்திருந்தால் இவன் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

கிருஷ்ணகுமாரை லொறியில் ஏற்றினார்கள். அவள் செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினாள். லொறி வளைவில் மறைந்தபிறகும் ஓடினாள்.

லொறி போய்ச் சேர்ந்த ஆமி முகாம், கண்டி ரோட்டோரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் பதனிட்ட பழைய இஸ்டோர். வாசலில் நின்றவனிடம் சிங்களத்தில் கெஞ்சினாள். சிறுவயது முதல் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பெண்களோடு பீலியில் நின்று பழகிய சிங்களம், தடங்கல் இல்லாமல் வரும். "மாத்தயா, அந்தக் கடுதாசிய எரிச்சது நான்தான். மகன் இல்ல. எங்கிட்ட கேளுங்க." அதைக் கேட்டதும் அவளை உள்ளே விட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி. பேச்சு மெதுவானதுதான். அதுவே அவளுக்குக் கூடுதல் பயமாக இருந்தது. சுவரோரமாக மகன் நின்றான். உதடு வீங்கியிருந்தது.

"எரிச்சது நீங்களா அம்மே?"

"ஆமா மாத்தயா."

"ஏன்?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது. பயந்துட்டேன்."

"வாசிக்கத் தெரியாத ஒன்னுக்கு ஏன் பயப்படணும்?"

மூக்காயி வாயைத் திறந்தாள். ஷாமிளாவின் பேர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அந்தப் பிள்ளையையும் இழுத்துவிட்டால்? "வீட்டுல படிச்ச பையன் இருந்தா பயம்தான் மாத்தயா" என்று மட்டும் சொன்னாள்.

அதிகாரி கருகிய துண்டைக் கிருஷ்ணகுமாரின் பக்கம் தள்ளினார். "இது பாடம்னு சொல்ற. சரி. எனக்கு விளங்கற மாதிரி சிங்களத்தில சொல்லு. என்ன பாடம்?"

மகன் குனிந்து துண்டைப் பார்த்தான். அவன் சிங்களம் கடைத்தெருச் சிங்களம். பாடம் படித்ததோ இங்கிலீசில். இரண்டுக்கும் நடுவில் அவன் தடுமாறினான்.

"சேர், உலகத்துல இருக்கிற எல்லாத்தையும் பிரிச்சுக்கிட்டே போனா, கடைசியில மிக மிகச் சின்ன இழை இருக்கும்னு ஒரு கோட்பாடு. அந்த இழை ஒவ்வொரு விதமா அதிரும். ஒரு விதமா அதிர்ந்தா ஒரு துகள், வேற விதமா அதிர்ந்தா வேற துகள்."

"இழைன்னா? வயரா?"

"வயர் இல்ல சேர்!" அவன் குரல் உயர்ந்தது. மூக்காயி கண்ணை மூடிக்கொண்டாள். "வயர் இல்ல. அதுக்கு ஒரு பேர்தான். இந்தப் படம், ஒரு இழை ரெண்டாப் பிரியறது."

"மேல சொல்லு."

"அந்தக் கோட்பாட்டுல ஒரு குறை. இழைய மட்டும் வச்சுக் கணக்குப் போட்டா, ஒளி, ஈர்ப்பு மாதிரி விசையைக் கொண்டுபோற துகள் மட்டும்தான் வருது. பொருளை உண்டாக்கற துகள் வர்றதே இல்ல. இந்த மேசை வராது. நீங்களும் இருக்கமாட்டீங்க சேர்."

கதவருகே நின்ற சிப்பாய் நிமிர்ந்தான். நீங்களும் இருக்கமாட்டீங்க. என்ன பேச்சு இது, யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாதா இவனுக்கு! "அவன் அப்டிச் சொல்லல மாத்தயா" என்று அவள் குறுக்கே விழுந்தாள். அதிகாரி கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"நானும் இருக்கமாட்டேன் சேர், யாருமே இருக்கமாட்டோம்" என்று கிருஷ்ணகுமார் அவசரமாகச் சொன்னான். "இன்னொரு குறையும் இருக்கு. அந்தக் கணக்குப்படி வெற்று வெளிகூட நிலையா நிக்காது, சரிஞ்சுடும். இந்த ரெண்டையும் தீர்க்கறதுக்குத்தான் மீச்சமச்சீர்னு ஒன்னைச் சேர்த்தாங்க. விசைத் துகள் ஒவ்வொன்னுக்கும் பொருள் பக்கத்துல ஒரு ஜோடி, பொருள் துகள் ஒவ்வொன்னுக்கும் விசைப் பக்கத்துல ஒரு ஜோடி. அதைச் சேர்த்தா இழைக் கோட்பாட்டுல பொருளும் வருது, வெளியும் நிக்குது. அது இல்லாம இது நிக்காது. என் கட்டுரை அதைப் பத்தித்தான்."

ஜோடி. சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் முணுமுணுத்தது இதைத்தானா? மூக்காயிக்குப் பாதிதான் பிடிபட்டது. ஆனால் தடுமாற்றம் போய் அவன் முகம் தெளிந்திருந்ததைக் கண்டாள்.

"அந்த ஜோடிகளைப் பார்த்திருக்காங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

பார்த்திருக்காங்கன்னு சொல்லுடா. மூக்காயி மனதுக்குள் மன்றாடினாள். பொய்யானாலும் சொல்லு.

"இல்ல சேர். இதுவரைக்கும் ஒன்னுகூட இல்ல."

"ஒன்னுகூட இல்லாததையா பல்கலைக்கழகத்தில படிக்கிறீங்க?"

"அது ஏன் தெரியலைங்கறதுதான் சேர் என் ரெண்டாம் பாதி. ஜோடி சரிசமமா இருந்தா எப்பவோ பார்த்திருக்கணும். ஆனா அந்தச் சமச்சீர் உடைஞ்சு போச்சு. அதனால ஜோடிகள் பாரமாகி, எட்டாத தூரத்துக்குப் போயிடுச்சு."

"யார் உடைச்சது?"

"உடைஞ்ச இடம் ஒளிஞ்சிருக்கு சேர். ஒரு வகை இழைக் கோட்பாட்டுல உலகம் தானாகவே ரெண்டு பங்கா வருது. ஒன்னுல நாம. மத்தது நமக்குத் தெரியாது, ஈர்ப்பு மட்டும்தான் அங்கேயும் இங்கேயும் போய்வரும். உடையறது அந்தப் பங்குல. அந்தச் சேதியை நம்ம பக்கத்துக்குக் கொண்டு வர்றதுக்குத் தூதுவங்க..."

ஷாமிளா வாசித்த சொல் மூன்றையும் பயல் தன் வாயாலேயே வரிசையாகக் கொட்டிவிட்டான். ஒளிந்திருப்பது, உடைப்பது, தூதுவன். மூக்காயி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி கருகிய துண்டைப் புரட்டினார். "நீ சொல்றது உண்மையா இருக்கலாம். நல்லா மனப்பாடம் பண்ணின கதையாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றார். பிறகு மூக்காயியைப் பார்த்தார். "இது பாடம்னு சொல்லக்கூடிய ஆளை எனக்குக் காட்டுங்க. பின்னேரம் லொறி கொழும்புக்குப் போகுது. அதுக்கு முந்தி."

கொழும்புக்கு ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. எப்படி எழுந்தாள், எப்படி ரோட்டுக்கு வந்தாள் என்று தெரியாது. வரக்காப்பொலப் பக்கம் போன பஸ்ஸில் ஏறினாள். அந்த டவுன் கடைத்தெருவில் பளீல் முதலாளியின் கொமியூனிகேஷன் கடை இருந்தது. டெலிபோன், ஃபேக்ஸ் எல்லாம் அங்கேதான். கிருஷ்ணகுமார் பேராதனைக்குப் பேச அங்கேதான் போவான்.

பளீல் அவள் கோலத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகமும் மாறியது. கடைக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ஆமி கேம்ப் விசயம். நாளைக்கி என்ட கடைக்கும் வந்து நிப்பாங்க."

"எனக்கும் பயம்தாங்க மொதலாளி. ஒங்களுக்கும் பயமுன்னா நான் எங்க போறது?"

பளீல் பாதிக் கதவைச் சாத்திவிட்டு ரிசீவரை எடுத்தார். நம்பர் தெரியாது. நம்பர் சொல்லும் விசாரணைப் பகுதிக்கு அடித்து, பல்கலைக்கழகத்துக்கு அடித்து, அங்கிருந்து பௌதிகத் துறைக்கு மாற்றச் சொல்லி... நடுவில் இரண்டு தடவை லைன் அறுந்தது. ஒவ்வொரு தடவையும் மூக்காயி தன் கையைத் தானே பிசைந்து நகக்குறி பதித்துக்கொண்டாள். கடைசியில் மிஸ் கிடைத்தார். சிங்களப் பெண்மணி. பளீல் அவரிடம் விபரத்தைச் சொன்னார்.

பிறகு ரிசீவரை மூக்காயியின் காதில் வைத்தார். "அம்மா, அழாதீங்க" என்றது அந்தக் குரல் சிங்களத்தில். "உங்க மகன் எனக்குத் தந்த முதல் பாதி இங்கே மேசையில்தான் இருக்கு. அதையும் என் கையெழுத்தோட ஒரு கடிதத்தையும் இப்பவே அனுப்பறேன். நானும் முகாமுக்குப் பேசறேன்."

ஃபேக்ஸ் மெஷின் நாக்கை நீட்டுவதுபோல் தாளைத் தள்ளியது. மூக்காயி தாள்களைத் தொடத் தயங்கினாள். இத்தனை இங்கிலீசையும் கையில் பிடித்துக்கொண்டு செக்பொயின்ட்டைக் கடக்க வேண்டும். பளீல் கடையைப் பூட்டினார். "வாங்க, நானும் வாறேன். ஒத்தையில போகாதீங்க" என்றார்.

முகாமில் அதிகாரி ஃபேக்ஸ் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றில் அதே காற்சட்டைப் படம் இருந்தது. கருகிய துண்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வளைவும் கீழே எழுதிய குறிகளும் ஒன்றாகவே இருந்தன. கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். எழுந்துபோய் யாரோடோ டெலிபோனில் பேசிவிட்டு வந்தார்.

"கூட்டிட்டுப் போங்க" என்றார். அவள் காலில் விழப் போனாள். அவர் விலகிக்கொண்டார். "உங்க மகனை நாங்க பிடிக்கல அம்மே. நீங்கதான் பிடிச்சுக் குடுத்தீங்க."

அந்தச் சொல் லயத்துக்கு வரும்வரை அவளோடு நடந்துவந்தது. அடுத்த நாட்களில் கிருஷ்ணகுமார் வீங்கிய உதட்டோடு கஞ்சி குடித்தான், இஸ்தோப்பில் உட்கார்ந்து மலையைப் பார்த்தான். பலகையைத் தொடவே இல்லை. மூக்காயி வேலைக்குப் போய் வந்து அவனைப் பார்ப்பாள். தன்னுடைய பயம் அவனுக்கும் வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. தன் பயம் அவளுக்குப் பழகியது. அவன் பயத்தைக் காணத்தான் தாங்கவில்லை.

ஒருநாள் பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவன் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எழுதலியாப்பா?"

"முதல் பாதியே போதும்மா. மிஸ்ஸும் அதை வச்சே முடிக்கலாம்னாங்க. பட்டத்துல கிளாஸ் கொறையும். பரவாயில்ல."

"நான் எரிச்ச பாதி?"

"அது வேணாம்மா. அந்தச் சொல்லெல்லாம் எழுதவே கை வரல."

"அன்னைக்கு அங்க நீ சொல்லும்போது பாதிதான் வெளங்குச்சு. அந்தச் சரிசமம் ஒடைஞ்சு போச்சுன்னியே. அதோட எல்லாம் முடிஞ்சதா?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அத்தனை நாளில் முதல் தடவை. "முடியலம்மா. ஒடைஞ்சாலும் கணக்குக்குள்ள அது இருக்கும். கண்ணுக்குத்தான் தெரியாது. எப்படி ஒடைஞ்சதுன்னு தெரிஞ்சா, ஜோடி எவ்வளவு பாரம், எங்க தேடணும்னு சொல்லிடலாம்."

"தேடினா கெடைக்குமா?"

"கெடைக்காமலும் போகலாம். கெடைச்சாலும் இழைதான் உண்மைன்னு ஆயிடாது. ஆனா இழைக்கு இது வேணும்."

"அப்ப எழுதுய்யா" என்றாள் மூக்காயி. "நான் படியில உக்காந்துக்கிறேன். யாராச்சும் வந்தா நான் பேசிக்கிறேன். இந்தத் தடவ எடுத்துக் காட்டுறேன், எரிக்க மாட்டேன்."

அவன் எழுதினான். நினைவில் இருந்ததை எழுதினான், மறந்ததைத் திரும்பக் கணக்குப் போட்டான். மூக்காயி படியில் உட்கார்ந்திருந்தாள். பாதையில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள். வந்தது ரப்பர் பால் ஏற்றும் லொறியாக இருக்கும். மறுபடியும் உட்காருவாள்.

கட்டுரையை ஆட்கள் முன்னால் பேசிக் காட்டும் நாளில் அவனைத் தனியே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. ரம்புக்கனையில் இருவரும் ரயில் ஏறினார்கள். மலை ஏறும் அந்த ரயிலில் அவள் அதற்கு முன்பு போனதே இல்லை. சன்னல் பக்கம் பள்ளத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பேராதனையில் மண்டபத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் மகன் அவளை உட்காரவைத்தான். சாத்திய கதவுக்குப் பின்னால் மகனின் இங்கிலீசு கேட்டது. இடையில் நின்றது. வேறு ஒரு குரல் ஏதோ கேட்டது. பதில் வரத் தாமதித்தது. அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி அவன் குரல் தொடர்ந்தபோதுதான் மூச்சு வந்தது. பிறகு உள்ளே படபடவென்று ஒரே சத்தம். வெடிதான் என்று எழுந்து ஓடப் பார்த்தாள். கதவு திறந்தது. ஆட்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். கைதட்டல் அது.

மிஸ் நேரே அவளிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாப் பேசினார் அம்மா. இரண்டாம் பாதிதான் இன்னும் நல்லா இருந்தது."

"இருட்டுறதுக்குள்ள போகணுங்க மிஸ், செக்கிங் இருக்கும்" என்றாள் மூக்காயி. கட்டி வந்த சோற்றுப் பார்சலை ஸ்டேஷன் மரத்தடியில் பிரித்தபோது கிருஷ்ணகுமார் வாய் ஓயாமல் பேசினான். யார் என்ன கேட்டார்கள், எதற்குப் பதில் தெரியவில்லை, அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கேட்டாள். கேட்டுக்கொண்டே அவன் இலையில் கருவாட்டை எடுத்து வைத்து, ரயில் வரும் திசையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.